டிவி விற்பது இன்னும் கட்டுப்படியாகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதன்பின் டிவி வியாபாரம் பற்றிய செய்திகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பெரிய ஷோரூம்களைப் பற்றி எழுதுகிறார்கள், இணைய விற்பனையைப் பற்றி எழுதுகிறார்கள். வீடு வீடாகப் போய் ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுக்கும் எங்களைப் போன்ற சிறு தொழில்காரர்களைப் பற்றி ஒரு வரி படித்ததாக எனக்கு நினைவில்லை. கோவையில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எங்கே சந்தித்துக்கொண்டாலும் பேச்சு ஒன்றில்தான் போய் நிற்கிறது. டிவி விற்பது இனிக் கட்டுப்படியாகுமா? அதைக் கைகழுவிவிட்டு, ஸ்பீக்கர், அவற்றுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவர், ஒயரிங் வேலையோடு நிறுத்திக்கொள்ளலாமா? எனக்குத் தெரிந்த பலர் நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை, நிறுத்தக் கூடாது என்றே நினைக்கிறேன். அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பணக் கணக்கு. வரிக்கு முன் 78,125 ரூபாய் விலையுள்ள டிவி, 28 சதவீத வரியோடு சரியாக ஒரு லட்சத்துக்கு வந்தது. இப்போது அதே டிவி 92,188 ரூபாய். வாங்குபவருக்கு ஏறக்குறைய 7,800 ரூபாய் மிச்சம், நல்ல விஷயம். விற்பவனுடைய லாபம் அந்த 78,125-க்குள்தான் இருக்கிறது. வரி குறைந்ததால் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வரி மாறிய அந்த வாரத்தில் பழைய சரக்கை வைத்துக்கொண்டு சில கடைக்காரர்கள் தவித்தது உண்மை. நான் சரக்கு வைப்பதே இல்லை, தப்பித்தேன்.

எங்களைக் கடித்தது வேறு. 2007, 2008 வாக்கில் 40 அங்குல எல்.சி.டி. டிவி ஒன்று லட்சத்தை ஒட்டி விற்றது. அதில் பத்து சதவீதம் லாபமாக நின்றால் ஒரு குடும்பத்தின் மாதச் செலவு. இன்று 55 அங்குல 4கே டிவி நாற்பதாயிரத்துக்குக் கிடைக்கிறது. போட்டியில் அடித்துப் பிடித்து மூன்று சதவீதம் நிற்கிறது என்று வையுங்கள், 1,200 ரூபாய். விநியோகஸ்தர் கிடங்கிலிருந்து அதை எடுத்துவரும் வண்டி வாடகைக்கும் உதவிக்கு வரும் பையன் கூலிக்கும் அது போதாது. பண்டிகை விற்பனையின்போது இன்னும் மோசம். வங்கி அட்டைத் தள்ளுபடி, பழைய டிவிக்கு மாற்று விலை, வட்டியில்லாத் தவணை என்று எல்லாம் சேர்ந்து, விநியோகஸ்தர் எனக்குக் கொடுக்கும் விலையைவிடக் குறைந்த விலை வாடிக்கையாளரின் கைபேசியிலேயே தெரிகிறது. "என்னங்க, நீங்கள் ஆறாயிரம் கூடச் சொல்கிறீர்கள்?" என்று அவர் கேட்கும்போது, என் கொள்முதல் பில்லை எடுத்துக் காட்டினாலும் நம்பமாட்டார். நம்ப வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

ஆக, பெட்டியைக் கைமாற்றி விடுவதில் ஒன்றுமில்லை. அதில் எனக்கும் என் நண்பர்களுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. அதற்குப் பிறகு அவர்கள் சொல்வதில்தான் நான் விலகுகிறேன். "டிவியை அவர்களே எங்கேயாவது வாங்கிக்கொள்ளட்டும், நாம் வந்து மாட்டிக் கொடுப்போம்" என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பது என்ன என்று ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன்.

வடவள்ளிப் பக்கம் ஒரு புது வீடு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆசையாகக் கட்டினார். கூடத்தில் 65 அங்குல டிவி, அதற்குக் கீழே பேச்சுக் குரல் வரும் சென்டர் ஸ்பீக்கருக்கு ஒரு தட்டு, இரு பக்கமும் உயரமான ஸ்பீக்கர்கள் என்று பேசி முடித்து, ஆசாரிக்கு அளவும் கொடுத்தாயிற்று. டிவி உட்காரும் இடம் ஐந்தடி அகலம், அதாவது 152 சென்டிமீட்டர். 65 அங்குல டிவி ஏறத்தாழ 145 சென்டிமீட்டர் அகலம் இருக்கும், இரு பக்கமும் விரல் நுழையும் அளவு காற்றோட்டம் கிடைக்கும். டிவியை மட்டும் அவரே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். தீபாவளி விற்பனையில் 65-க்கு ஒதுக்கிய பணத்தில் 75 அங்குலமே வந்தது, வாங்கிவிட்டார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த விலையைப் பார்த்தால் யாருக்கும் கை நீளத்தான் செய்யும்.

75 அங்குல டிவியின் அகலம் 167 சென்டிமீட்டர். பெட்டியைப் பிரித்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. நிறுவனத்திலிருந்து இலவசமாகப் பொருத்த வந்த இளைஞர் பார்த்தார், "இடம் சரியில்லை" என்று தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவரையும் குறை சொல்வதற்கில்லை, அடுத்த வீட்டுக்கு நேரத்துக்குப் போக வேண்டும். பிறகு ஆசாரி வந்து, தேக்கு வெனீர் ஒட்டிப் பாலீஷ் போட்ட பலகையை அறுத்தார். சென்டர் ஸ்பீக்கர் தட்டு போயிற்று. டிவி ஓரடி மேலே ஏறியது. இப்போது சோபாவில் உட்கார்ந்தால் கழுத்தை நிமிர்த்தித்தான் படம் பார்க்க வேண்டும், திரையில் பேசுகிறவரின் குரல் அவர் வாயிலிருந்து வராமல் முழங்காலிலிருந்து வருகிறது. விலையில் மிச்சமானது ஆசாரிக்கும் பாலீஷுக்கும் போயிற்று. "ஹோம் தியேட்டர் சரியாக அமையவில்லை" என்று உறவினர்களிடம் சொல்லும்போது யார் பெயர் அடிபடும் என்று நினைக்கிறீர்கள்? டிவி விற்ற இணையதளத்தின் பெயரா?

நான் சொல்ல வருவது இதுதான். டிவி யார் கையால் விற்கப்படுகிறதோ, அவர் கையில்தான் அந்த அறை எப்படி அமைய வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை போய்ச் சேருகிறது. பொறுப்பு மட்டும் எப்போதும் எங்கள் தலையில். உரிமை இல்லாமல் பொறுப்பைச் சுமப்பதைவிட, 1,200 ரூபாய்க்கு டிவியை விற்று உரிமையைக் கையில் வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். அந்த 1,200 ரூபாயை நான் லாபமாகக் கருதுவதே இல்லை. அறைக்குள் முதலில் என் சொல் நுழைவதற்கான செலவு அது.

அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். திரையின் அளவோடு விஷயம் முடிவதில்லை. டிவியின் ஒலியை எச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாக ரிசீவருக்கு அனுப்பும் வசதிக்கு ஆர்க் என்று பெயர், சுருக்காத முழு ஒலியையும் அனுப்பக்கூடியது இ.ஆர்க். ரிசீவரோடு இணைக்க டிவியில் இ.ஆர்க் வசதியுள்ள எச்.டி.எம்.ஐ. துளை வேண்டுமா, சாதாரண ஆர்க் போதுமா என்பது அந்த வீட்டார் என்ன பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஓ.டி.டி. தளங்களில் மட்டும் படம் பார்ப்பவருக்கு ஆர்க் போதும். அங்கே வரும் டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலி சுருக்கப்பட்ட வடிவத்தில்தான் வருகிறது, ஆர்க் அதைத் தாங்கும். புளூரே வட்டு வைத்திருப்பவர் பிளேயரை டிவியில் இணைத்து, அதிலிருந்து முழு ஒலியை ரிசீவருக்கு அனுப்ப வேண்டுமென்றால் இ.ஆர்க் கட்டாயம். வீட்டில் விளையாட்டுக் கன்சோல் வைத்திருக்கும் பையன் இருந்தால் இன்னொரு சிக்கல். பல டிவிகளில் நான்கு துளைகளில் இரண்டுதான் நொடிக்கு 120 பிரேம் வாங்கும், அந்த இரண்டில் ஒன்றுதான் இ.ஆர்க் துளையாகவும் இருக்கும். ரிசீவரை அதில் செருகிவிட்டால் மிச்சம் ஒன்றுதான். சில முன்னணி நிறுவனங்கள் டிவியிலிருந்து டி.டி.எஸ். என்ற ஒலி வடிவத்தை வாசிக்கும் வசதியையே எடுத்துவிட்டன. ஹார்ட் டிஸ்க்கில் ஆண்டுக்கணக்காகப் படம் சேர்த்துவைத்திருக்கும் பெரியவர் அந்த டிவியை வாங்கிவந்தால், டி.டி.எஸ். ஒலியுள்ள படம் ஓடும், சத்தம் வராது. டிவி பழுது என்று புகார் செய்வார். பழுது அல்ல, அது அவருக்கான டிவி அல்ல. இணையதளத்தில் நட்சத்திரங்களைப் பார்த்து வாங்கும்போது இதையெல்லாம் அவருக்கு யார் சொல்வார்கள்?

சுவரும் இருக்கிறது. துளை போடும் கருவியின் முனை இறங்கும்போதே எந்தச் சுவர் என்று கைக்குத் தெரிந்துவிடும். ஆர்.எஸ்.புரத்துப் பழைய வீடுகளில் செங்கல், சிவப்புத் தூள் கொட்டும், திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் நல்ல பிளக் போட்டால் அசையாது. சரவணம்பட்டி, காளப்பட்டிப் பக்கத்துப் புதிய அடுக்குமாடிகளில் ஏ.ஏ.சி. கல் (காற்றுக் குமிழ் நிறைந்த, எடை குறைந்த கான்கிரீட் கல்) என்றால் முனை எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகும், சாம்பல் கலந்த வெள்ளைத் தூள் வரும். அங்கே சாதாரணப் பிளாஸ்டிக் பிளக்கை நம்பி, முன்னே இழுத்துத் திருப்பும் கை வைத்த ஸ்டாண்டை மாட்டினால், இருபது இருபத்தைந்து கிலோ டிவி ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கும். துளைக்குள் பசை விட்டு இறுக்கும் ரசாயன ஆங்கர் போட வேண்டும், அல்லது பதினெட்டு மில்லிமீட்டர் பிளைவுட் பலகையைப் பல இடங்களில் இறுக்கி அதன்மேல் ஸ்டாண்டை மாட்ட வேண்டும். அலுமினியச் சட்டம் வைத்து முழுக்கக் கான்கிரீட்டாகவே வார்த்த மிவான் சுவர் என்றால் திருகாணி கல்லாக நிற்கும், ஆனால் ஒயர் விட வெட்டுப்போட முடியாது, கட்டியவரே அனுமதிக்கமாட்டார்.

ஒயர் என்றதும் நினைவுக்கு வருகிறது, வீடு கட்டுகிறவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். டிவி வரும் இடத்துக்கு எலக்ட்ரீசியன் வழக்கம்போல முக்கால் அங்குலக் குழாயும் செங்கோண எல்போவும் போட்டுவிடுகிறார். எச்.டி.எம்.ஐ. ஒயரின் தலை அந்தக் குழாய்க்குள் நுழையாது. நுழைந்தாலும் எல்போவில் திரும்பாது. இரண்டு அங்குலக் குழாய், வளைவான பெண்டு, உள்ளே ஒரு இழுவைக் கயிறு. பூச்சு வேலைக்கு முன் செய்தால் செலவு சில நூறு ரூபாய். குடிபோன பிறகு செய்தால் சுவரை உடைக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்காகவே, கொத்தனார் வேலை நடக்கும்போது எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்போது கூப்பிடுகிறவர்தான் டிவியையும் எங்களிடமே கேட்கிறார். பெரும்பாலும் விலை பேரமும் பேசுவதில்லை, ஏனென்றால் வேலையை ஏற்கெனவே கண்ணால் பார்த்துவிட்டார்.

இங்கேதான் எங்கள் தொழிலில் உள்ளவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. டிவியின் விலைக்குள் கூலியை ஒளித்துவைத்தது நம்முடைய பழைய பழக்கம். டிவியில் பத்தாயிரம் நின்ற காலத்தில் "மாட்டிக் கொடுப்பது இலவசம்" என்று பெருந்தன்மையாகச் சொல்ல முடிந்தது. இன்று அந்தப் பத்தாயிரம் இல்லை, ஆனால் இலவசம் என்ற பேச்சு மட்டும் நிற்கிறது. என் பில்லில் டிவி தனிக் கணக்கு, அதைப் பொருத்தும் வேலை தனிக் கணக்கு, ஒயரும் ஆங்கரும் தனிக் கணக்கு, ஒலியை அளந்து சரிசெய்வது தனிக் கணக்கு. டிவியின் கணக்கில் என் கொள்முதல் விலைக்குமேல் சின்னத் தொகைதான் இருக்கும். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு பெரியவர் "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?" என்றே கேட்டுவிட்டார். அவரிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். தொழிற்சாலையில் கோடிக்கணக்கில் செய்யும் பொருளின் விலை இறங்கிக்கொண்டேதான் போகும். ஏணிமேல் நின்று, மட்டம் பார்த்து, அந்தப் பொருள் பத்து ஆண்டு விழாமல் நிற்கும்படி மாட்டுகிறவனின் அரிசி விலை இறங்குவதில்லை. அது தவறி விழுந்து குழந்தை மேல் பட்டால் சட்டத்தின் முன் நிற்க வேண்டியவர்களில் அவனும் ஒருவன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளைச் செய்தவர், விற்றவர் ஆகியோரோடு சேவை செய்தவரையும் பொறுப்பாளியாக்குகிறது. பெரியவர் கூலியைக் கொடுத்தார். அடுத்த மாதம் தன் மகள் வீட்டுக்கும் கூப்பிட்டார்.

எல்லோருக்கும் டிவி விற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. டிவி மட்டும் வேண்டும், வேறு வேலை இல்லை என்று வருபவரை நானே கிராஸ்கட் ரோட்டுப் பக்கம் போய் ஷோரூமில் பார்த்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன். அங்கே அவருக்கு நல்ல விலை கிடைக்கும், எனக்கும் வீண் அலைச்சல் இல்லை. முழு அறையையும் என்னிடம் ஒப்படைப்பவருக்கு மட்டும் டிவியும் நானே. அவர் முன்னால்தான் பெட்டியைத் திறப்பேன். படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைத்தபடியே இரண்டு பேர் தூக்குவோம். சுவரில் ஏற்றும் முன் தரையிலேயே மின்சாரம் கொடுத்து, சாம்பல் நிறத் திரையை ஓடவிட்டு, ஓரத்தில் கோடு, நடுவில் கறை, மூலையில் கீறல் எதுவும் இல்லை என்று அவரையே பார்த்துச் சொல்லச் சொல்வேன். திரைப் பேனல் உடைந்தால் வாரண்டி கிடையாது. புதுப் பேனலின் விலை பல சமயம் டிவியின் விலையையே தொட்டுவிடும். இணையத்தில் வாங்கிய டிவியை அவர் வீட்டில் நான் பிரித்து, உள்ளே கீறல் இருந்தால், கீறியது லாரியா நானா என்று யார் தீர்ப்புச் சொல்வது? அதனால்தான் வேறிடத்தில் வாங்கிய டிவியைப் பொருத்த என் கூலி அதிகம். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

டிவியை விட்டுவிட்டு முழுக்க முழுக்கப் புரொஜக்டர் பக்கம் போய்விடலாம் என்றும் ஒரு யோசனை உலவுகிறது. தனி அறை கட்டி இருட்டாக்குகிறவர்களுக்குப் புரொஜக்டர்தான் சரி. ஆனால் நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் கூடம்தான் தியேட்டர். ஜன்னல் நிறைய வெளிச்சம், மாலையில் வாசல் கதவு திறந்தே இருக்கும், நாலு பேர் வருவார்கள் போவார்கள். அங்கே டிவிதான் நிற்கும்.

அரசிடமும் நிறுவனங்களிடமும் கேட்க வேண்டியது சுருக்கமானது. அந்நிய முதலீட்டில் நடக்கும் இணையச் சந்தைகள் பொருளின் விற்பனை விலையில் நேரடியாகவோ மறைமுகமாகவோ தலையிடக் கூடாது, சமமான போட்டிக்களம் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-லேயே சொன்னது. 2018 டிசம்பரில் விதிகளை இறுக்கி, 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கும் கொண்டுவந்தது. தாளில் உள்ள அந்தச் சமம், பண்டிகை வாரத்தில் என்னைப் போன்றவன் வாங்கும் விலைப்பட்டியலில் தெரியவில்லை. அதிகாரிகள் ஒரு தீபாவளிக்கு முன்பாவது கோவையிலோ மதுரையிலோ ஒரு சிறிய டீலரின் கொள்முதல் பில்லையும் அதே நாளின் இணைய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

டிவி நிறுவனங்களுக்கு நாங்கள் ஒன்றும் பாரமில்லை. தவறான டிவியை வாங்கி, சத்தம் வரவில்லை, இடம் போதவில்லை என்று அவர்களுடைய சேவை மையத்தைத் திட்டும் வாடிக்கையாளர்களை, வாங்கும் முன்பே சரியான டிவிக்குத் திருப்புகிறவர்கள் நாங்கள்தான். விநியோகஸ்தர்கள் எங்களிடம் மாதத்துக்கு இத்தனை டிவி எடுத்தால்தான் நல்ல விலை என்கிறார்கள். முழு அறை வேலை செய்கிறவன் மாதத்துக்கு இரண்டோ மூன்றோ டிவிதான் எடுப்பான். ஒவ்வொன்றும் பெரிய டிவி, ஒவ்வொன்றும் சரியாகப் பொருத்தப்பட்ட டிவி. எங்களைப் பொருத்துநர்களாகப் பதிவு செய்துகொள்ளுங்கள், பயிற்சி வேண்டுமானால் கொடுங்கள், தேர்வு வைத்தாலும் எழுதுகிறோம். ஒற்றை டிவியானாலும் அன்றைய இணைய விலையிலிருந்து ஒரு நியாயமான கழிவோடு கொடுங்கள். அப்படிக் கிடைத்தால் இணையத்தில் காட்டும் அதே விலைக்கு என் வாடிக்கையாளருக்கு டிவியைக் கொடுக்க நான் தயார். என் கூலியைப் பில்லில் அதற்கு அடுத்த கணக்கில் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹோம் தியேட்டர் அமைப்பாளர் ஒருவர்,
சாய்பாபா காலனி, கோயம்புத்தூர்.